லூயிஸ்–ஷார்ட் லத்தீன் அகராதி: ‘கொரிந்து’ என்ற ஒரு சொல்லை வைத்து ஒரு சோதனை

லத்தீன் படிக்கும்போது கிரேக்க ஊர்ப்பெயர் குறுக்கே வந்தால் முதலில் திறக்க வேண்டிய அகராதி லூயிஸ்–ஷார்ட்தான். 1879-இல் வெளிவந்தது, 2,019 பக்கம், பொடி எழுத்து. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்திலும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோகேயான் தளத்திலும் காசில்லாமல் கிடைக்கிறது. ஊர்ப்பெயரின் இலக்கணத்துக்கு இதை முழுதாக நம்பலாம். அந்தப் பெயர் எங்கே பிறந்தது என்று கேட்டால் கைவிரித்துவிடும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு பயன்படுத்துபவருக்கு இதைவிடப் பயனுள்ள இலவசப் பொருள் லத்தீனில் வேறு இல்லை.

ஒரு அகராதியை மதிப்பிட ஆயிரம் சொல் தேவையில்லை. சரியான ஒரு சொல்லைப் பிடித்துக் கடைசிவரை போனால் போதும். இங்கே எடுத்துக்கொண்டது கொரிந்து. பெலொப்பொனேசஸ் என்ற தென் கிரேக்கத் தீபகற்பத்தையும் வட கிரேக்கத்தையும் இணைக்கும் குறுகலான நிலத்தடத்தில், இரு பக்கமும் கடல் இருக்க நின்ற நகரம். கிமு 146-இல் ரோமானியத் தளபதி மும்மியுஸ் அதை அழித்தார். கிமு 44-இல் சீசரின் திட்டப்படி ரோமானியக் குடியேற்றமாக மீண்டும் எழுந்தது. லத்தீன் நூல்களில் அடிக்கடி வரும் பெயர். அதன் இலக்கணத்தில் புதிதாகப் படிப்பவரை விழவைக்கும் குழிகள் எல்லாமே இருக்கின்றன.

தலைச்சொல் வரியில் இருந்து தொடங்குவோம். ‘கொரிந்துஸ்’, அடுத்து ‘ஈ’ என்ற விகுதி, அடுத்து ‘எஃப்’ என்ற ஓர் எழுத்து, பிறகு சமக்குறி போட்டுக் கிரேக்க வடிவம் ‘கொரிந்தொஸ்’. அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு வரியைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் வடிவம் எழுவாய். ‘ஈ’ என்பது ஆறாம் வேற்றுமை விகுதி, அதாவது ‘கொரிந்தீ’ என்றால் கொரிந்துவின். சொல் எந்த வாய்பாட்டில், அதாவது எந்த விகுதி வரிசையில், போகும் என்பதை இந்த இரண்டாவது வடிவம்தான் சொல்கிறது, எழுவாய் அல்ல. அவசரத்தில் பலரும் தாவிவிடுவது இந்த இடத்தைத்தான்.

முதல் அசையின் ‘ஒ’ மேலே குறில் குறி போட்டிருப்பார்கள். தமிழ் எழுத்தில் இதைச் சொல்வது எவ்வளவு எளிது பாருங்கள்: கொ, கோ அல்ல. கிரேக்கத்தில் அது ஒமிக்ரான், ஒமேகா அல்ல. தமிழ் விவிலியத்தில் ‘கொரிந்தியர்’ என்று குறிலோடு எழுதுவது இந்த அளவை அப்படியே காப்பாற்றியிருக்கிறது. இரண்டாம் அசையின் ‘இ’ மேலே குறி தேட வேண்டாம். பின்னால் இரண்டு மெய் வருவதால் அந்த அசை எப்படியும் கனமான அசை, செய்யுளின் சந்தத்துக்கு அது போதும். ஆனால் இதில் இந்த அகராதியின் ஒரு பலவீனமும் தெரிகிறது. இப்படி மெய்யால் மூடப்பட்ட அசைகளில் உயிர் குறிலா நெடிலா என்பதை 1879-ஆம் ஆண்டின் அறிவை வைத்து அது பெரும்பாலும் சொல்வதில்லை. உச்சரிப்பில் கண்டிப்பாக இருப்பவர்கள் அதற்குப் பிற்கால அகராதிகளைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது அந்த ‘எஃப்’. பெண்பால். ‘உஸ்’ என்று முடியும் இரண்டாம் வாய்பாட்டுச் சொல் ஆண்பாலாகத்தான் இருக்கும் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். கிரேக்கத்தில் கொரிந்தொஸ் பெண்பால், லத்தீன் சொல்லை வாங்கும்போது பாலையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. ஹொராஸின் ஒரு செய்யுளில் ‘கப்தீவ கொரிந்துஸ்’ என்று வருகிறது. சிறைப்பட்ட கொரிந்து என்பது நேர்ப்பொருள். வெற்றி ஊர்வலத்தில் தூக்கிவரப்படும் கொரிந்து வெண்கலப் பாத்திரங்களைக் கவிஞர் அப்படிச் சொல்கிறார். பெயர் ‘உஸ்’ என்று முடிகிறது, அதற்கு அடைமொழியோ ‘கப்தீவுஸ்’ என்று வராமல் ‘கப்தீவ’ என்று பெண்பாலில் நிற்கிறது. இந்த இரண்டு சொல்லை நினைவில் வைத்தால் பால் மறக்காது. அதற்காக எல்லா ஊரும் பெண்பால் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தெல்பீ ஆண்பால் பன்மை. அர்கொஸ் அஃறிணைப்பால் ஒருமை. ஒவ்வொரு முறையும் அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

இனி இந்த அகராதி வாய் திறந்து சொல்லாத விஷயத்துக்கு வருவோம். தலைச்சொல் வரியில் எழுவாய், ஆறாம் வேற்றுமை, பால் ஆகியவை இருக்கும். ‘அந்த ஊரில்’ என்று சொல்லும் ஏழாம் வேற்றுமை பொதுவாக இருக்காது. சில பதிவுகளில் மட்டும் ‘லொகேட்’ என்ற சுருக்கக்குறி வரும். அதனால் விதியை நீங்கள்தான் கையோடு கொண்டுபோக வேண்டும். நல்ல வேளையாக அந்த விதி தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. நாம் ‘வீடு திரும்பினான்’, ‘ஊர் போய்ச் சேர்ந்தான்’ என்று உருபே இல்லாமல் சொல்கிறோம். லத்தீனும் நகரங்களுக்கும் சிறு தீவுகளுக்கும் ‘வீடு’ போன்ற ஒன்றிரண்டு பொதுச் சொற்களுக்கும் மட்டும் முன்னிடைச்சொல்லை, அதாவது பெயருக்கு முன்னால் வரும் ‘இன்’ போன்ற சொல்லை, விட்டுவிடுகிறது. நாட்டுப் பெயர் என்றால் விடாது. கிரேக்கத்தில் என்று சொல்ல முன்னால் ‘இன்’ போட்டாக வேண்டும், கொரிந்துவில் என்று சொல்ல எதுவும் வேண்டாம்.

சிசரோவின் ஒரு வாக்கியத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சிராகூஸ் நகரத்துச் சர்வாதிகாரி தியொனிசியுஸ் பதவி பறிபோன பிறகு என்ன செய்தார் என்று சொல்கிறார்: ‘ஸிராகூஸீஸ் எக்ஸ்புல்ஸுஸ் கொரிந்தீ புஎரோஸ் டொகேபத்’. சிராகூஸிலிருந்து விரட்டப்பட்டவர் கொரிந்துவில் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பொருள். ‘இலிருந்து’ என்பதற்கும் ‘இல்’ என்பதற்கும் தனிச் சொல் எதுவும் இல்லை. இரண்டும் பெயரின் விகுதிக்குள்ளேயே அடங்கிவிட்டன. முதல் பெயர் பன்மை வடிவமுள்ள ஊர், ஆகவே ‘ஈஸ்’ என்ற நீக்கல் விகுதி. இரண்டாவது ஒருமை, ஆகவே ‘ஈ’ என்ற இடவிகுதி. இன்னொரு இடத்தில் அதே சிசரோ கொரிந்துவை விட்டு ஓடிய தெமராத்துஸைப் பற்றி ‘ஃபூகித் தார்க்வினியோஸ் கொரிந்தோ’ என்கிறார். கொரிந்துவிலிருந்து தார்க்வினீ நகரத்துக்குத் தப்பி ஓடினார். போகும் ஊர் இரண்டாம் வேற்றுமையில், விட்டுவந்த ஊர் நீக்கலில். மூன்றே சொல்லில் ஒருவருடைய நாடுகடந்த வாழ்க்கை முழுவதும் வந்துவிடுகிறது. இந்த இரண்டு வாக்கியத்தையும் மனப்பாடம் செய்தவருக்கு ஊர்ப்பெயர் இலக்கணத்துக்கென்று தனிப் பாடம் தேவைப்படாது.

தவறு நடக்கும் இடம் அந்த ‘கொரிந்தீ’. ஒருமையில் முதல் இரண்டு வாய்பாட்டு ஊர்களுக்கு ஏழாம் வேற்றுமையும் ஆறாம் வேற்றுமையும் ஒரே வடிவம். ஹொராஸ் ‘இருகடல் கொரிந்துவின் மதில்கள்’ என்று பாடும்போது வருவதும் ‘கொரிந்தீ’தான், ஆனால் அங்கே அது ஆறாம் வேற்றுமை. வடிவத்தைப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. பக்கத்தில் ‘யாருடைய, எதனுடைய’ என்ற கேள்விக்குக் காத்திருக்கும் பெயர்ச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹொராஸில் ‘மதில்கள்’ காத்திருக்கிறது. சிசரோவில் அப்படி எதுவும் இல்லை, வினை மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் இடம். இணையத்தில் சொல்லைக் கிளிக் செய்தால் வடிவம் பிரித்துக் காட்டும் கருவிகள் சாத்தியமான வேற்றுமைகளை வரிசையாக அடுக்கிவிடும். பட்டியலில் முதலில் நிற்பதை அப்படியே எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் மொழிபெயர்ப்பு கோணலாகிவிடும். தேர்ந்தெடுப்பது படிப்பவர் வேலை.

இன்னொரு சின்ன எச்சரிக்கை, தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்கு மட்டும். இரண்டாம் வேற்றுமை வடிவம் ‘கொரிந்தும்’. நம் எழுத்தில் எழுதினால் ‘கொரிந்துவும்கூட’ என்ற பொருளில் நம்முடைய ‘உம்’ போலவே தெரியும். மேற்கோள் குறி போடாமல் எழுதினால் ஒரு வாரம் கழித்து உங்களுக்கே குழம்பும்.

பன்மை வடிவ ஊர்களைத் தேடும் முறை வேறு. உரையில் ஏதென்ஸின் பெயரை ‘அதேனீஸ்’ என்று கண்டால் ‘ஈஸ்’ விகுதியைக் கழற்றி ‘அதேனாய்’ என்று தேட வேண்டும். தலைச்சொல்லில் அடுத்து ‘ஆரும்’ என்ற பன்மை விகுதி நிற்கும். தேபாய், மிகேனாய், ஸிராகூஸாய் எல்லாம் இதே குடும்பம். இவற்றில் ‘இல்’, ‘இலிருந்து’ இரண்டுக்கும் ஒரே வடிவம்தான், வினையை வைத்தே பிரிக்க வேண்டும்: இருந்தான் என்றால் இடம், வந்தான் என்றால் நீக்கல். வர்ஜில் இதிலும் ஒரு பொறி வைத்திருக்கிறார். ஈனெயிட் ஐந்தாம் காண்டத்தில் ‘உர்பெ மிகேனாய்’ என்று வருகிறது. பார்த்த மாத்திரத்தில் எழுவாய்ப் பன்மை போல இருக்கும். உண்மையில் அது ‘மிகேன’ என்ற ஒருமை வடிவத்தின் ஆறாம் வேற்றுமை, ‘மிகேன நகரத்தில்’. இப்படிப்பட்ட ஒருமை மாற்று வடிவங்களையும் பதிவில் சேர்த்துக் கொடுப்பதால்தான் லூயிஸ்–ஷார்ட் சின்ன அகராதிகளை விஞ்சி நிற்கிறது. அர்கொஸ் இன்னும் சிக்கல். ஒருமையில் எழுவாய், இரண்டாம் வேற்றுமை ஆகிய இரண்டு வடிவம் மட்டுமே உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் ‘அர்கீ’ என்ற ஆண்பால் பன்மையிடம் போக வேண்டும். முதலாவது கிரேக்க வழக்கு, பின்னது லத்தீன் வழக்கு என்று ரோமானிய அறிஞர் வர்ரோ அன்றே எழுதியிருக்கிறார். இந்த அகராதியில் ‘ஏ’ எழுத்தின் 216 பக்கம் முழுக்கச் சார்ல்ஸ் ஷார்ட் செய்தது. மற்ற எழுத்துகளில் பெரும்பகுதி சார்ல்டன் லூயிஸ் தனியாகச் செய்தது. ஆகவே அர்கொஸ் ஷார்ட்டின் கை, கொரிந்துஸ் லூயிஸின் கை.

முன்னிடைச்சொல் வரவே வராதா என்றால், வரும். வந்தால் அதற்கு வேறு பொருள் இருக்கிறது. ‘அத் கொரிந்தும்’ என்றால் கொரிந்துவின் பக்கம்வரை, ஊருக்குள் அல்ல. ‘நகரம்’ என்ற பொதுச்சொல் முன்னால் நின்றால் ‘இன் உர்பெ கொரிந்தோ’ என்று முன்னிடைச்சொல் திரும்பி வந்துவிடும்.

பதிவின் வால்பகுதியைப் பலர் படிப்பதே இல்லை. அங்கேதான் பெயரிலிருந்து பிறந்த சொற்கள் இருக்கின்றன. ‘கொரிந்தியுஸ்’ சாதாரணப் பெயரடை. ‘கொரிந்தியகுஸ்’ என்பதை வளைகுடாவுக்குச் சொல்வார்கள். ‘கொரிந்தியாரியுஸ்’ என்றால் கொரிந்து வெண்கலப் பொருள்களில் புழங்குபவன். அகஸ்டஸ் அந்தப் பாத்திரங்கள்மேல் பேராசை கொண்டவர் என்று அவருடைய சிலையில் யாரோ இந்தச் சொல்லை எழுதிவைத்ததாக வரலாற்றாசிரியர் சுயெதோனியுஸ் பதிந்திருக்கிறார்: அப்பா வெள்ளி வியாபாரி, நான் கொரிந்து வியாபாரி. நான்காவது ‘கொரிந்தியேன்ஸிஸ்’. இதன் வித்தியாசம் அருமையானது. பழைய கிரேக்க ஊர்க்காரர்கள் கொரிந்தியீ. ரோமானியர்கள் குடியேறிய பிறகு அங்கே வாழ்ந்தவர்களுக்கு ‘கொரிந்தியேன்ஸேஸ்’ என்ற பெயர் வந்தது என்று ஃபெஸ்துஸின் சொற்களஞ்சியச் சுருக்கம் சொல்கிறது. புதிய குடியேற்றத்தின் அதிகாரப் பெயரிலும் இந்த விகுதிதான்: கொலோனியா லௌஸ் யூலியா கொரிந்தியேன்ஸிஸ். அழிந்த ஊரையும் அதே மண்ணில் எழுந்த ஊரையும் ஒரு விகுதி பிரித்துக் காட்டுகிறது. இந்தப் பெயரின் நடுவில் உள்ள ‘யூலியா’வைத் தேடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லூயிஸ்–ஷார்ட் மெய்யாக ஒலிக்கும் ‘ஐ’யை ‘ஜே’ என்றும் ‘யு’வை ‘வி’ என்றும் பிரித்து அடுக்குகிறது. ‘ஐ’ பக்கத்தில் தேடினால் கிடைக்காது, ‘ஜே’யில் இருக்கும்.

இத்தனை நல்லதையும் சொல்லிவிட்டுக் குறையையும் சொல்லியாக வேண்டும். பெயரின் பிறப்பு. சமக்குறி போட்டுக் கிரேக்கச் சொல்லைக் கொடுத்ததோடு பதிவு நின்றுவிடுகிறது. கிரேக்கர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் இல்லை. இந்த அகராதியைக் குறை சொல்வதில் நியாயமும் இல்லை. ஊர்ப்பெயர்களில் வரும் ‘ந்த்’ பின்னொட்டைக் கிரேக்கத்துக்கு முந்தைய மொழியோடு பவுல் கிரெட்ச்மர் சேர்த்துக் காட்டியது 1896-இல், அகராதி வந்து 17 ஆண்டு கழித்து. கிரேக்க மொழியை எழுதிய மிகப் பழைய எழுத்துமுறையான லீனியர் பி-யை மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தது 1952-இல்.

அந்தப் பின்னொட்டை இந்த அகராதியை வைத்தே பிடிக்கலாம் என்பதுதான் அழகு. கொரிந்தொஸ், ஸகிந்தொஸ், ஒலிந்தொஸ் என்ற ஊர்ப்பெயர்களை அருகருகே வையுங்கள். அவற்றோடு லபிரிந்தொஸ் என்ற சுழல்வழி மாளிகை, ஹியகிந்தொஸ் என்ற மலர், அஸமிந்தொஸ் என்ற குளியல் தொட்டி ஆகிய பொதுச் சொற்களையும் வையுங்கள். இந்த முடிவுக்குக் கிரேக்க மொழிக்குள் விளக்கம் இல்லை. கிரேக்கம் பேசியவர்கள் அந்த நிலத்துக்கு வருமுன் அங்கே இருந்தவர்களின் மொழியில் இருந்து தங்கிவிட்ட எச்சம் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஆசியா மைனரில் லப்ரௌந்தா, ஒயினொவாந்தா என்று ‘ந்தா’வில் முடியும் ஊர்களோடும் இதை ஒப்பிடுகிறார்கள். இப்போது ‘தீரின்ஸ்’ என்ற ஊரைத் தேடுங்கள். எழுவாயில் அந்தப் பின்னொட்டு கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது வடிவத்தைப் பாருங்கள்: ‘தீரிந்திஸ்’. ஆறாம் வேற்றுமைக்குப் போனதும் ‘ந்த்’ வெளியே வந்துவிடுகிறது. எழுவாயில் ‘ஸ்’ சேரும்போது நடுவில் இருந்த ‘த்’ விழுந்துவிட்டது, அதுதான் காரணம். விகுதியைக் காட்டத்தான் அந்த இரண்டாவது வடிவத்தை அச்சிட்டார்கள், அது ஒரு தொன்மையான மொழியின் தடயத்தையும் சேர்த்துக் காட்டுகிறது.

லீனியர் பி களிமண் பலகைகளில் ‘கொ-ரி-தொ’ என்று மூன்று அசைக் குறியில் ஒரு ஊர்ப்பெயர் வருகிறது. அந்த எழுத்துமுறையில் மெய்க்கு முன்னால் வரும் ‘ந்’ஐயும் கடைசி ‘ஸ்’ஐயும் எழுதுவதில்லை. குளியல் தொட்டியையும் ‘அ-ஸ-மி-தொ’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆகவே பெயர் கொரிந்தொஸ்தான். ஆனால் இந்தக் குறிப்பு தென்மேற்குக் கிரேக்கத்தில் இருந்த பைலோஸ் அரண்மனைக் கணக்கில் வருவது, அதன் ஆட்சிப் பகுதிக்குள் இருந்த வேறொரு ஊரைச் சுட்டுவதாகவே கொள்கிறார்கள். நிலத்தடத்து நகரத்துக்கு இதைச் சான்றாகக் காட்டுவது தவறு. அப்படிக் காட்டும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

பழங்கதை விளக்கம் வேறு. கொரிந்துஸ் என்ற வீரனின் பெயரே ஊருக்கு வந்தது என்பார்கள். அவன் ஸியூஸின் மகன் என்பதை, கொரிந்துக்காரர்களில் பெரும்பாலோரைத் தவிர வேறு யாரும் மெய்யாகச் சொல்லி நான் அறியேன் என்று கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் எழுதிவைத்திருக்கிறார். ஊரின் பழைய பெயர் எஃபிரா என்றும் ஒரு மரபு உண்டு. கொரிந்து திராட்சையிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது என்று யாராவது சொன்னால் அது தலைகீழ். ஊரின் பெயர்தான் உலர்திராட்சைக்குப் போனது.

அச்சுப் பிரதி தேவையா என்றால், தேவையில்லை. லோகேயானில் திறப்பதே வசதி, அதே பக்கத்தில் காஃபியோவின் பிரெஞ்சு அகராதியும் வந்து நிற்கும். கிரேக்க வடிவத்தை டைப் செய்தால் லிடல்–ஸ்காட்–ஜோன்ஸ் கிரேக்க அகராதி கிடைக்கும். ஒரு தொல்லை மட்டும் உண்டு. மேற்கோள் சுருக்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முறையில் இருக்கும். கொரிந்துவைக் ‘கிரேக்கம் முழுமைக்கும் விளக்கு’ என்று சிசரோ சொன்ன சொற்பொழிவுக்கு ‘மனிலியுஸ் சட்டம்’, ‘பொம்பேயின் அதிகாரம்’ என்று இரண்டு பெயர் உண்டு. ஒன்றில் தேடிக் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள்.

காசு கொடுத்து ஆக்ஸ்ஃபோர்ட் லத்தீன் அகராதி வாங்கலாமா என்பவர்களுக்கு: 1968 முதல் 1982 வரை பகுதி பகுதியாக வந்த அது சொற்பொருளில் மேலானது, ஆனால் ஏறக்குறைய கிபி 200-உடன் நின்றுவிடும். லத்தீன் விவிலியம் படிப்பவருக்கு அது போதாது. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் தொடக்கத்தில் கிரேக்க மூலம் ‘என் கொரிந்தோய்’ என்று முன்னிடைச்சொல்லோடு சொல்வதை லத்தீன் விவிலியம் ‘க்வாய் எஸ்த் கொரிந்தீ’ என்று எழுதுகிறது. கிரேக்கத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றும் மொழிபெயர்ப்பு அது. அப்படியிருந்தும் அந்த ‘என்’ஐ இந்த இடத்தில் விட்டுவிட்டு, சிசரோ எழுதிய அதே ‘கொரிந்தீ’யைப் போட்டிருக்கிறது.